பின்னம் சொல்லித்தர எந்தப் புத்தகம்? முதலில் உங்களுக்கு ஒன்று

கேள்வி: ஏற்காட்டில் ஒரு காபித் தோட்டக் குடியிருப்பில் மாலை வகுப்பு நடத்துகிறேன். நான் வணிகவியல் பட்டதாரி. ஆசிரியர் பயிற்சி பெற்றவள் இல்லை. ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை படிக்கும் பத்துப் பன்னிரண்டு பிள்ளைகள் வருகிறார்கள். எல்லோரும் தமிழ்வழி. பின்னக் கூட்டல் கணக்கைக் கொடுத்தால் மீ.பொ.ம. (மீச்சிறு பொது மடங்கு) எடுத்துச் சரியாகப் போட்டுவிடுகிறார்கள். ஆனால் 1/6, 1/8 இரண்டில் எது பெரியது என்று கேட்டால் 1/8 என்கிறார்கள். 0.5-ஐவிட 0.35 பெரியது என்கிறார்கள். சேலத்துக்குப் போய் இரண்டு கைடும், போட்டித் தேர்வுக்கான குறுக்குவழிக் கணக்குப் புத்தகம் ஒன்றும் வாங்கிவந்தேன். பயனில்லை. பின்னத்தை வகுக்கும்போது ஏன் தலைகீழாக்கிப் பெருக்குகிறோம் என்று ஏழாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி கேட்டாள். எனக்குப் பதில் தெரியவில்லை, வெட்கமாக இருந்தது. ரூ.1,500 வரை செலவழிக்க முடியும். பின்னம், தசமம், சதவீதம் மூன்றுக்கும் என்ன புத்தகங்கள் வாங்கலாம்? எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் இருவருக்கு நேரடியாகச் சதவீதத்திலிருந்து தொடங்கலாமா?

— ஒரு வாசகி, ஏற்காடு

அன்புள்ள சகோதரிக்கு,

பிள்ளைகளுக்கென்று இப்போதைக்கு எந்தப் புத்தகமும் வாங்காதீர்கள். அவர்கள் பையில் இருக்கும் பள்ளிப் பாடநூலே போதும். முதலில் படிக்க வேண்டியவர் நீங்கள். அந்தச் சிறுமி கேட்ட கேள்விக்கான விடை பிள்ளைகளுக்காக அச்சிடப்படும் பயிற்சிப் புத்தகங்களில் கிடைக்காது. ஆசிரியர்களுக்காக எழுதப்பட்ட புத்தகங்களில்தான் கிடைக்கும். கைடும் குறுக்குவழிப் புத்தகமும் உங்களுக்கு உதவாமல் போனதற்குக் காரணம் இதுதான். கணக்கை எப்படி முடிப்பது என்பதை உங்கள் பிள்ளைகள் ஏற்கெனவே அறிவார்கள். 1/8 என்பது எவ்வளவு என்பதுதான் அவர்களுக்குத் தெரியவில்லை. இரண்டாயிரம் கணக்கு போட்டாலும் அது தெரியப்போவதில்லை.

வெட்கப்பட்டதாக எழுதியிருக்கிறீர்கள். அதற்கு இடமே இல்லை. லிபிங் மா என்ற ஆய்வாளர் 1999-ல் வெளியிட்ட ஆங்கில நூல் ஒன்று உலகெங்கும் கணித ஆசிரியர்களிடையே பேசப்படுகிறது. அமெரிக்க ஆசிரியர்கள் 23 பேரையும் சீன ஆசிரியர்கள் 72 பேரையும் சந்தித்து, தொடக்கக் கணிதத்தில் சில கேள்விகளை அவர் கேட்டார். அவற்றில் ஒன்று 1¾ ÷ ½. இதைப் போட்டுக் காட்டுங்கள், பிறகு இதற்குப் பொருத்தமான வாழ்க்கைக் கணக்கு ஒன்று சொல்லுங்கள் என்றார். சீன ஆசிரியர்கள் அத்தனை பேரும் சரியாகப் போட்டார்கள். அமெரிக்க ஆசிரியர்களில் சரியான விடைக்கு முழுமையாக வந்து சேர்ந்தவர்கள் பாதிக்கும் குறைவு. பொருத்தமான கணக்கைச் சொல்ல முயன்ற பலரும் அரையால் வகுப்பதற்குப் பதிலாக இரண்டால் வகுக்கும் கணக்கைச் சொன்னார்கள். பட்டமும் பயிற்சியும் பெற்று வகுப்பெடுத்துக்கொண்டிருந்தவர்கள் அவர்கள். தெரியாததைத் தெரியாது என்று ஒரு சிறுமியின் முன்னால் ஒப்புக்கொண்ட நீங்கள் நல்ல இடத்தில்தான் நிற்கிறீர்கள்.

அந்தக் கணக்கையே அவளுக்குச் செய்துகாட்டுங்கள். ஒன்றே முக்கால் லிட்டர் தண்ணீரை ஒரு குடத்தில் எடுத்துக்கொள்ளுங்கள். அரை லிட்டர் பாட்டில்களில் ஊற்றச் சொல்லுங்கள். மூன்று பாட்டில் நிறையும். குடத்தில் மீதி இருப்பது கால் லிட்டர். இப்போது விடை என்ன என்று கேளுங்கள். பெரும்பாலான பிள்ளைகள் மூன்றே கால் என்பார்கள். உடனே திருத்தாமல், மீதியையும் நான்காவது பாட்டிலில் ஊற்றச் சொல்லுங்கள். பாட்டில் பாதி நிறைந்து நிற்கும். நாம் எண்ணிக்கொண்டிருப்பது லிட்டரை அல்ல, பாட்டிலை. ஆகவே விடை மூன்றரை பாட்டில். மூன்றே காலுக்கும் மூன்றரைக்கும் நடுவில் பிள்ளைகள் ஐந்து நிமிடம் சண்டை போட்டுக்கொண்டால் அதுதான் அன்றைய பாடம். விட்டுவிடுங்கள், போடட்டும்.

தலைகீழாக்குவது எங்கிருந்து வருகிறது என்பது அடுத்த படி. ஒரு லிட்டரில் எத்தனை அரை லிட்டர்? இரண்டு. அப்படியானால் 1¾ லிட்டரில் 1¾ × 2. இது எல்லோருக்கும் புரிந்துவிடும். இப்போது அரைக்குப் பதிலாக 2/3 லிட்டர் பிடிக்கும் பாத்திரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு லிட்டரில் அந்தப் பாத்திரம் எத்தனை? ஒரு முறை முழுதாக நிறையும்; 1/3 லிட்டர் மீதி; அது பாத்திரத்தில் பாதி. ஆக ஒன்றரை, அதாவது 3/2. ஒரு லிட்டருக்கு 3/2 பாத்திரம் என்றால் ஐந்து லிட்டருக்கு 5 × 3/2, 1¾ லிட்டருக்கு 1¾ × 3/2. தலைகீழாக்கிய பின்னம் என்பது “ஒன்றுக்குள் இது எத்தனை முறை அடங்கும்” என்ற கேள்விக்கான விடை. பெருக்கல் அதற்குப் பிறகு தானாக வருகிறது. இதை அந்தச் சிறுமிக்குச் சொல்லுங்கள். அவள் இன்னொரு எண்ணை வைத்துத் தானே சோதித்துப் பார்க்கட்டும்.

இனி புத்தகங்கள்.

லிபிங் மாவின் நூல் எந்தப் பெரிய நூலகத்திலாவது கிடைத்தால் எடுத்து மூன்றாவது இயலை மட்டும் படியுங்கள். பின்னத்தால் வகுத்தல் பற்றியது அந்த இயல். புதிதாக வாங்கினால் விலை அதிகம் என்பதால் வாங்கச் சொல்ல மாட்டேன். உங்கள் தொகை அப்படியே இருக்க, காசில்லாமல் கிடைக்கும் இரண்டைச் சொல்கிறேன்.

முதலாவது, மத்திய அரசின் பாடநூல் நிறுவனமான என்சிஇஆர்டி 2024-ல் வெளியிட்ட ஆறாம் வகுப்புக் கணிதப் பாடநூலான ‘கணித பிரகாஷ்’. அதில் ஏழாவது பாடம் பின்னங்கள். என்சிஇஆர்டி இணையதளத்தில் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். ஆங்கிலத்தில்தான் படிக்க வேண்டியிருக்கும். பட்டப்படிப்பு முடித்த உங்களுக்கு அந்த எளிய ஆங்கிலம் சிரமம் தராது. ஒரு முழுப் பொருளைப் பங்கிடுவதில் தொடங்கி, 1/2, 1/3, 1/4 போன்ற அலகுகளை எடுத்து, அந்த அலகால் அளந்துகொண்டே போய், எண்கோட்டில் குறித்து, அதன் பிறகுதான் கூட்டலுக்கு வருகிறது. 3/4 என்பது மூன்று 1/4 என்ற எண்ணம் வேரூன்றிவிட்டால் பாதி வேலை முடிந்தது. வெவ்வேறு பகுதிகள் உள்ள பின்னங்களைக் கூட்டும் முறையைப் பழங்கால இந்தியக் கணித அறிஞர் பிரம்மகுப்தர் கி.பி. 628-லேயே எழுதிவைத்ததையும் அந்தப் பாடம் சொல்கிறது. பிள்ளைகளுக்குச் சொல்லலாம், விரும்பிக் கேட்பார்கள். இந்தப் பாடத்தை நீங்கள் ஒவ்வொரு கேள்வியாகப் போட்டு முடிக்க வேண்டும். வாசித்தால் மட்டும் போதாது. பென்சிலும் தாளுமாக உட்காருங்கள்.

இரண்டாவது, அமெரிக்கக் கல்வித் துறையின் ஆய்வுப் பிரிவு 2010-ல் வெளியிட்ட, பின்னம் கற்பிப்பதற்கான ஆசிரியர் கையேடு. ராபர்ட் சீக்லர் என்ற உளவியலாளர் தலைமையிலான குழு எழுதியது. இதுவும் இலவசம். ஐந்து பரிந்துரைகள்தான். பிள்ளைகளுக்கு இயல்பாகவே தெரிந்த பங்கிடுதலிலிருந்து தொடங்குங்கள் என்பது முதலாவது. பின்னங்களும் எண்கள்தான் என்பதை எண்கோட்டைக் கொண்டு உணரவையுங்கள் என்பது இரண்டாவது. செய்முறைகள் ஏன் சரியாக வருகின்றன என்று விளக்குங்கள் என்பது மூன்றாவது. விகிதம் பற்றியது நான்காவது. ஐந்தாவதை உங்களுக்காகவே எழுதியதுபோல் இருக்கிறது: ஆசிரியரின் சொந்தப் புரிதலை வளர்க்க வேண்டும் என்கிறது. அந்தக் கையேட்டில் இரண்டாவது பரிந்துரையை மட்டும் அச்செடுத்துக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

இவற்றோடு, அசிம் பிரேம்ஜி பல்கலைக்கழகம் வெளியிடும் ‘அட் ரைட் ஆங்கிள்ஸ்’ என்ற கணித இதழில் பத்மப்ரியா ஷிராலி எழுதிய பின்னங்கள் பற்றிய செயல்பாட்டு இணைப்பையும் தேடி எடுங்கள். காகிதம், கத்தரிக்கோல், நூல் இவை இருந்தால் போதும் என்ற அளவிலான செயல்பாடுகள். தோட்டக் குடியிருப்பு வகுப்புக்கு மிகவும் ஏற்றவை.

சூசன் லேமன் பின்னமும் விகிதமும் கற்பித்தல் பற்றி எழுதிய நூலைச் சிலர் உங்களுக்குச் சொல்லக்கூடும். சிறந்த நூல். ஆனால் இந்த ஆண்டு வேண்டாம். மேலே சொன்னவற்றை முடித்துவிட்டு வந்தால்தான் அது பிடிபடும்.

கடையில் நின்று ஒரு புத்தகத்தைப் புரட்டும்போது எதைப் பார்ப்பது என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இனிமேலும் நீங்கள் புத்தகம் வாங்கத்தான் போகிறீர்கள். பின்னங்களை ஒப்பிடும் பக்கத்தைத் திறங்கள். அங்கே குறுக்குப் பெருக்கல் மட்டும் இருந்தால் மூடி வைத்துவிடுங்கள். வட்டத்தைப் பங்கு போட்ட படம் மட்டும் இருந்தாலும் போதாது; எண்கோடு இருக்க வேண்டும். வட்டப் படத்தில் 5/4 என்பதைப் பிள்ளைகளால் ஏற்றுக்கொள்ள முடிவதில்லை. ‘நான்கு துண்டுதானே இருக்கிறது, ஐந்தை எங்கிருந்து எடுப்பது’ என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. கோட்டில் அது ஒன்றைத் தாண்டிய ஒரு புள்ளி, அவ்வளவுதான். அடுத்து, விடையை உத்தேசமாகச் சொல்லும்படி கேட்கும் கணக்குகள் உண்டா என்று தேடுங்கள். 1978-ல் அமெரிக்காவில் நாடு தழுவி நடந்த தேர்வு ஒன்றில் 13 வயதுப் பிள்ளைகளிடம் 12/13 + 7/8 உத்தேசமாக எவ்வளவு என்று கேட்டு, 1, 2, 19, 21 என்று நான்கு விடைகளும் கொடுத்தார்கள். இரண்டுமே ஏறத்தாழ ஒன்று என்பதால் கூட்டினால் இரண்டு. அதைச் சொன்னவர்கள் 24 சதவீதம். பாதிக்கும் மேற்பட்டோர் 19 அல்லது 21 என்றார்கள்; தொகுதிகளைக் கூட்டினால் 19, பகுதிகளைக் கூட்டினால் 21. உங்கள் பிள்ளைகளுக்கு இருப்பதும் அதே சிக்கல்தான். நாளைக்கே அவர்களிடம் இந்தக் கேள்வியைக் கேட்டுப் பாருங்கள்.

நம் மாநிலப் பாடநூலைப் பற்றி. ஆறாம் வகுப்பு மூன்றாம் பருவத்தில் பின்னங்கள், ஏழாம் வகுப்பு இரண்டாம் பருவத்தில் தசம எண்கள், மூன்றாம் பருவத்தில் தசமச் செயல்பாடுகளும் சதவீதமும் தனிவட்டியும், எட்டாம் வகுப்பில் வாழ்வியல் கணிதம் என்று பாடங்கள் வருகின்றன. இந்தப் பாடங்களை மட்டும் தொகுத்து அச்செடுத்து ஒரே புத்தகமாகத் தைத்து வைத்துக்கொள்ளுங்கள். மூன்று ஆண்டுகளில் சிதறிக் கிடப்பதை ஒரே கட்டாகப் பார்க்கும்போது, பின்னமும் தசமமும் சதவீதமும் ஒரே எண்ணை எழுதும் மூன்று முறைகள் என்பது உங்களுக்கே துலங்கும். பயிற்சிக் கணக்குகள் தரமானவை. ஆனால் செய்முறைக்கு விரைந்து போய்விடுகிறது என்பது என் கருத்து. அந்த இடைவெளியை நீங்கள் நிரப்ப வேண்டும். அதற்குக் காகிதப் பட்டையைவிடச் சிறந்த கருவி இல்லை.

நாள்காட்டித் தாள், பழைய சுவரொட்டி எதுவானாலும் சரி, 17 அல்லது 18 சென்டிமீட்டர் நீளத்தில் ஒரே அளவாகப் பட்டைகள் வெட்டிக்கொள்ளுங்கள். எல்லாப் பட்டையும் ஒரே நீளம் என்பது முக்கியம். முழுமை மாறினால் ஒப்பீடே தப்பு. அரை, கால், அரைக்கால் எல்லாம் மடித்தாலே வந்துவிடும். மூன்றாகவும் ஐந்தாகவும் மடிப்பதுதான் பிள்ளைகளுக்குக் கஷ்டம், பாதிப் பேர் அங்கேயே சோர்ந்துவிடுவார்கள். அதற்கு ஒரு வழி இருக்கிறது. கோடு போட்ட நோட்டில் ஒரு கோட்டைச் சுழியம் என்று குறித்து, அங்கிருந்து எண்ணிப் 15-ஆவது கோட்டைக் குறியுங்கள். பட்டையைச் சாய்வாக வைத்து, ஒரு முனையின் மூலை சுழியக் கோட்டிலும், அதே ஓரத்தின் மறுமுனை 15-ஆவது கோட்டிலும் படும்படி நகர்த்துங்கள். இப்போது 5-ஆவது, 10-ஆவது கோடுகள் அந்த ஓரத்தை வெட்டும் இடங்களில் புள்ளி வையுங்கள்: பட்டை மூன்று சமபாகம். 3, 6, 9, 12-ஆவது கோடுகள் வெட்டும் இடங்களில் வைத்தால் ஐந்து சமபாகம். நோட்டின் கோடுகள் சம இடைவெளியில் இருப்பதால் பட்டை எவ்வளவு சாய்ந்தாலும் பங்கு சமமாகவே விழும். ஏன் அப்படி என்பதைப் பிள்ளைகள் மேல்வகுப்பு வடிவியலில் படிப்பார்கள். இப்போதைக்கு ஸ்கேல் வைத்து அளந்து நம்பட்டும்.

மூன்றாகப் பிரித்த பட்டையைப் புள்ளிகளில் மடித்து, மடித்தபடியே மறுபடி இரண்டாக மடித்தால் ஆறாகிவிடும். ஆறாகப் பிரித்த பட்டையையும் எட்டாகப் பிரித்த பட்டையையும் ஒன்றன்கீழ் ஒன்றாக வைத்துவிட்டு, எது பெரியது என்று நீங்கள் கேட்கவே வேண்டாம். அவர்களே சொல்வார்கள். அதோடு நிறுத்திவிடாமல், பட்டையை நோட்டில் வைத்து, இடமுனையை 0 என்றும் வலமுனையை 1 என்றும் எழுதிக் கோடாக வரையச் செய்யுங்கள். அடுத்த பட்டையை 1-லிருந்து தொடரச் செய்யுங்கள். பட்டை எண்கோடாக மாறும் அந்த இடத்தைத் தாண்டிவிட்டால் 7/4-ம் 1¾-ம் ஒரே புள்ளி என்பது தகராறில்லாமல் ஏறிவிடும். இந்த வேலைக்கு இரண்டு மூன்று வாரம் ஆனாலும் ஆகட்டும். அவசரப்படாதீர்கள். உங்கள் வகுப்புக்குப் பாடத்திட்டக் கெடு கிடையாது; பள்ளி ஆசிரியருக்குக் கிடைக்காத அந்த வசதி உங்களுக்கு இருக்கிறது.

தசமத்தில் பிள்ளைகள் தடுமாறுவதற்குப் பெரிய காரணம், நாம் உதவி என்று நினைத்துச் சொல்லும் எடுத்துக்காட்டுகள்தான். ரூ.2.50 என்பதை இரண்டு ரூபாய் ஐம்பது காசு என்று படிக்கிறோம். அங்கே புள்ளி, இரண்டு முழு எண்களைப் பிரிக்கும் தடுப்பாகிவிடுகிறது. கிரிக்கெட்டில் 4.3 ஓவர் என்றால் நான்கு ஓவரும் மூன்று பந்தும். அதாவது நான்கரை ஓவர். மணி 1.30 என்றால் ஒன்றரை. ரூபாய் தசமம்தான், ஆனால் நாம் அப்படிப் படிப்பதில்லை. ஓவரும் மணியும் தசமமே அல்ல, ஆனால் தசமம்போலவே எழுதுகிறோம். இப்படிப் பழகிய பிள்ளை 0.35-ல் முப்பத்தைந்தைப் பார்க்கிறது, 0.5-ல் ஐந்தைப் பார்க்கிறது. 35 பெரியது என்கிறது. அதன் தர்க்கம் சரி, நாம் கொடுத்த பொருள்தான் தவறு. இந்த எடுத்துக்காட்டுகளை ஒளிக்க வேண்டாம். 4.3 ஓவர் ஏன் 4.3 அல்ல என்று பையன்களிடமே விவாதத்தை விடுங்கள். வாய்விட்டுப் படிக்கும்போது ‘புள்ளி முப்பத்தைந்து’ என்பதை அடியோடு நிறுத்துங்கள். 0.35 என்பது நூறில் முப்பத்தைந்து, 0.5 என்பது பத்தில் ஐந்து, அதாவது நூறில் ஐம்பது. ஒரு வரைபடத்தாளில் பத்து சென்டிமீட்டர் சதுரம் ஒன்றை முழுமை என்று வைத்து வண்ணம் தீட்டச் சொன்னால், பத்தில் ஒன்று ஒரு நெடுவரிசை, நூறில் ஒன்று ஒரு சென்டிமீட்டர் சதுரம் என்று கண்ணுக்குத் தெரிந்துவிடும்.

தசமம் என்பதே பின்னக் கணக்கை முழு எண் கணக்கு போல எளிதாக்க வந்தது. 1585-ல் சைமன் ஸ்டெவின் என்ற ஐரோப்பியக் கணித அறிஞர் அதற்கென்று எழுதிய சிறுநூலை வானியலாளர்கள், நில அளவையாளர்கள், வணிகர்கள் முதலானவர்களுக்கு முகவரியிட்டார். நம் முன்னோர் வேறு வழியில் இதே வசதியைத் தேடியிருக்கிறார்கள். மா என்றால் 1/20, காணி 1/80, முந்திரி 1/320. ஒரு மாவுக்கு நான்கு காணி, ஒரு காணிக்கு நான்கு முந்திரி. எல்லாவற்றையும் முந்திரியில் எண்ணிவிடலாம். எண்சுவடி என்ற பழைய வாய்பாட்டு நூலில் பிள்ளைகள் இவற்றை மனப்பாடம் செய்தார்கள், காரிநாயனாரின் பழைய கணித நூலான கணக்கதிகாரத்தில் இவற்றைக் கொண்டு கணக்குகளே உண்டு. ஆனால் 320-ஐ மூன்றால் வகுக்க முடியாது. பத்தையும் முடியாது. முந்திரியில் 1/3-க்கு இடமில்லாததற்கும், தசமத்தில் 1/3 என்பது 0.333… என்று முடிவில்லாமல் போவதற்கும் காரணம் ஒன்றே. எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. பிள்ளைகளை மனப்பாடம் செய்யவைக்க வேண்டாம். ஒரு மாலை கதையாகச் சொல்லுங்கள். உங்கள் குடியிருப்பில் வயதானவர்கள் இருந்தால், 1957-க்கு முன் ஒரு ரூபாய்க்குப் பதினாறு அணா இருந்ததையும், நாலணாவை ஏன் கால் ரூபாய் என்றார்கள் என்பதையும் அவர்களே வந்து சொல்லட்டும்.

எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் இருவரையும் பற்றிக் கேட்டிருந்தீர்கள். சதவீதத்திலிருந்து தொடங்கலாம், ஆனால் சூத்திரத்திலிருந்து வேண்டாம். 50, 25, 10, 1 என்ற நான்கு சதவீதங்களை மட்டும் முதலில் மனக்கணக்காகப் போடட்டும். 10 சதவீதம் தெரிந்தால் 5 தெரியும், இரண்டையும் சேர்த்தால் 15 தெரியும். இதையே பட்டையில், மேலே பின்னம், கீழே சதவீதம் என்று எழுதிக்கொண்டு போனால் விட்டுப்போன பின்னமும் கூடவே சேர்ந்துவிடும்.

இதற்கான கணக்குகளை வெளியே எங்கும் தேட வேண்டாம், உங்கள் தோட்டத்திலேயே இருக்கிறது. கடையில் விற்கும் காபி-சிக்கரி கலவைப் பொட்டலத்தில் எத்தனை சதவீதம் காபி என்று அச்சிட்டிருப்பார்கள். காபி 51 சதவீதத்துக்குக் குறையக் கூடாது என்பது விதி. 80 சதவீதம் காபி உள்ள பொடி அரைக்கிலோவும், 60 சதவீதம் உள்ள பொடி அரைக்கிலோவும் கலந்தால் எவ்வளவு? 70 என்பார்கள், சரி. இப்போது இரண்டாவது பொடியைக் கால் கிலோவாகக் குறையுங்கள். அப்போதும் 70 என்றுதான் சொல்வார்கள். 400 கிராமும் 150 கிராமும் சேர்ந்து 550 கிராம் காபி. மொத்தப் பொடி 750 கிராம். ஆகவே 73-க்குச் சற்று மேல். சதவீதங்களைச் சும்மா கூட்டிச் சராசரி எடுக்க முடியாது, எதில் அந்தச் சதவீதம் என்று ஒவ்வொரு முறையும் கேட்க வேண்டும் என்பதை இந்த ஒரு கணக்கு பதித்துவிடும். மிளகு விலையையும் எடுத்துக்கொள்ளுங்கள்: கிலோ 600 ரூபாய் என்று வைத்துக்கொண்டு, 20 சதவீதம் ஏறி, பிறகு 20 சதவீதம் இறங்கினால் 720 ஆகி, 576-க்கு வந்து நிற்கும். 24 ரூபாய் எங்கே போனது என்று அவர்கள் கண்டுபிடிக்கட்டும். கீழே சமவெளியில் மரவள்ளிக்கிழங்குக்கு மாவுச்சத்துப் பாயிண்ட் பார்த்து விலை போடுவதும், சேலம் செவ்வாய்ப்பேட்டைக் கொலுசுக் கடைகளில் வெள்ளியின் சுத்தத்தை ‘டச்’ கணக்கில் பேசுவதும் சதவீதம்தான். மலையிலிருந்து இறங்கி வேலைக்குப் போகப்போகும் பிள்ளைகள் இந்தக் கணக்கில் ஏமாறக் கூடாது என்பதில் எனக்கு மிகுந்த அக்கறை உண்டு.

பிள்ளைகள் தாங்களாகவே போட்டுப் பழகப் புத்தகம் ஒன்று வேண்டும் என்று பிற்பாடு தோன்றினால், ஆங்கிலத்தில் ‘கீ டு ஃபிராக்‌ஷன்ஸ்’ என்று தொடங்கும் பயிற்சி வரிசை இருக்கிறது. பின்னத்துக்கு நான்கு, தசமத்துக்கு நான்கு, சதவீதத்துக்கு மூன்று என்று மெலிதான சிறுநூல்கள். ஒரு பக்கத்தில் ஒரு கருத்துதான், வாசிக்க வேண்டிய வாக்கியங்களும் குறைவு. ஆனால் அமெரிக்க நூல் என்பதால் டாலரும் அங்குலமும் வரும், இங்கே வரவழைக்கச் செலவும் ஆகும். யாராவது கொடுத்தால் வாங்கிக்கொள்ளுங்கள். தேடி அலைய வேண்டியதில்லை.

ஆகவே உங்கள் 1,500 ரூபாயை இப்படிச் செலவழியுங்கள். ‘கணித பிரகாஷ்’ ஆறாம் வகுப்பின் பின்னப் பாடம், ஏழாம் வகுப்பு நூலின் தசமப் பாடமும் பின்னப் பாடமும், மாநிலப் பாடநூல்களில் நான் சொன்ன பாடங்கள், ஆசிரியர் கையேட்டின் இரண்டாவது பரிந்துரை இவற்றைச் சேலத்தில் இறங்கும்போது அச்செடுத்துச் சுருள் கம்பி போட்டுக்கொள்ளுங்கள். பிள்ளைக்கு ஒரு கோடு போட்ட நோட்டு, ஒரு கட்டு வரைபடத்தாள், இரண்டு கத்தரிக்கோல், அரை லிட்டரும் கால் லிட்டரும் அளவிட்ட இரண்டு குவளைகள். அதற்கு மேலும் மீதம் இருந்தால் சுவரில் ஒட்ட நீளமான வெள்ளைத்தாள் சுருள் ஒன்று வாங்கி, 0 முதல் 3 வரை ஒரு பெரிய எண்கோடு வரைந்து வையுங்கள். ஒவ்வொரு நாளும் வகுப்பு முடியும்போது ஒரு பிள்ளை எழுந்துபோய் ஒரு பின்னத்தையோ தசமத்தையோ சதவீதத்தையோ அதன் இடத்தில் எழுதட்டும். இடம் தவறு என்று நினைப்பவர் காரணம் சொல்லிவிட்டு மாற்றி எழுதலாம்.